மண்டபத்தில் அப்பா பேச வேண்டாம்

தினா,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டேன். நீல டிக் விழுந்தும் அம்மா ஒன்றும் சொல்லவில்லையே என்று, கட்டிக்கொள்ளப் போகிற நித்யாவிடம் புலம்பியிருப்பாய். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், கடைசியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். கல்யாணத்தை வைத்துக்கொண்டு அது வேண்டாம். அதனால் மதியம் ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பில் போடும் மேசையில் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். பிறகு அம்மா சுற்றி வளைத்துச் சொன்னாள் என்று சொல்லாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்தில், மண்டபத்து எல்.இ.டி. திரையில், உன் அப்பா பேச வேண்டாம். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இறந்தவராகவே இருக்கட்டும்.

வேலையில் குறை சொல்லவில்லை. எடிட்டிங் டேபிளில் பாதி ஆயுளைக் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், வேலை சுத்தம். ஒரே ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்திருக்கிறாய், கண் இமைக்கிறது, பின்னால் உப்பளத்தில் வெயில் கூட சரியான பக்கத்திலிருந்து விழுகிறது. குரலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பேச ஆரம்பிக்கும் முன் தொண்டையை லேசாகச் செருமுவாரே, அதைக்கூடக் கொண்டுவந்துவிட்டாய். நான் போனைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றேன். பயமாக இருந்தது. வேறு வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

அம்மா பழைய காலத்து ஆள், மெஷினைக் கண்டால் ஆகாது என்று நீ நினைக்கக் கூடாது. இந்த மரக்காணத்தில் முதலில் கம்ப்யூட்டர் வைத்து ஆல்பம் டிசைன் செய்த ஸ்டுடியோ எது? நம்முடையது. வாங்கியே ஆக வேண்டும் என்று உன் அப்பாவோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் யார்? நான். அவர் ஃபிலிம் ரோலைக் கட்டிக்கொண்டு அழுதார். டிரோன் வந்தபோதும் அப்படித்தான். உப்பளத்துக்கு மேலே அதைப் பறக்கவிட்டு, வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவில் பொண்ணு மாப்பிள்ளையை நிற்கவைத்து எடுத்தால் சென்னையிலிருந்து ஆட்கள் வருவார்கள் என்றேன். வந்தார்கள். நம் ஊர்க்காரர்கள் உப்பு வாரிக் கால் வெடித்து நிற்கிற இடத்தில் கவுன் போட்ட பெண்கள் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். உன் அப்பாதான் வெட்கப்பட்டார். நான் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

உப்புக் காற்றோடுதான் நமக்குச் சண்டை, கருவிகளோடு இல்லை. டிரைபாட் திருகு பிடித்துக்கொள்ளும், ஒயர் முனையில் பச்சை பூக்கும், மழைக்காலம் முடிவதற்குள் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். அதற்காக அப்பா மரப்பீரோ செய்து, ஈரம் அண்டாமலிருக்க உள்ளே எந்நேரமும் பல்பு எரியவிட்டிருந்தார். வீட்டில் ஒரு அறையில் லைட் மறந்து எரிந்தால் என்னைத் திட்டுவார், கேமரா பீரோவுக்கு மட்டும் சலுகை. பழைய டேப், மெமரி கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் அதில்தான் இருந்தன. அவர் எடுத்ததில் எதையும் அழிக்க மாட்டார். கல்யாணம் நடந்தவர்களே பிரிந்து போயிருப்பார்கள், இவர் பீரோவில் அவர்கள் சேர்ந்தே இருப்பார்கள்.

நீ குயிலாப்பாளையத்தில் ஸ்டுடியோ ஆரம்பிக்கும்போது அந்தப் பீரோவைத்தான் முதலில் கேட்டாய். எதற்கென்று எனக்கு அப்போது புரியவில்லை. கேமரா பிடிக்கிறவன் படத்தில் இருக்க மாட்டான். உன் அப்பா முகத்தைத் தேடினால் ஆதார் கார்டும் நாலைந்து போட்டோவும்தான் கிடைக்கும். ஆனால் குரல் அப்படி இல்லை. ஊரில் எல்லோர் கல்யாணத்திலும் கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. "மாப்ள, தோள எறக்கு." "மொறைக்காத, சிரி." "அக்கா, கொஞ்சம் நவுருங்க, விளக்கு மறைக்குது." "யம்மா பொண்ணு, கண்ணத் தூக்கு." என் வேலையே உட்கார்ந்து அதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டு மேலே பாட்டுப் போடுவதுதான். இத்தனை வருஷம் என் கையால் வெட்டிப் போட்டதை நீ மூல டிஸ்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, டைப் செய்ததை அவர் குரலிலேயே பேசிக் காட்டும் அந்த ஏ.ஐ. மெஷினுக்கு ஊட்டியிருக்கிறாய். எனக்குத் தெரிந்தபோது முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? இங்கே கடை கம்ப்யூட்டரில் என்னை உட்காரவைத்து, "அம்மா, ஒண்ணு போடுறேன், அழக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஒரு பொத்தானைத் தட்டினாய். உன் பெரியப்பாவுக்கு அப்பா சொல்வது போல நீ டைப் செய்து வைத்திருந்தது. "அண்ணே, நல்லாருக்கியா? தினாவுக்குக் கல்யாணம். நீதான் முன்னாடி நின்னு நடத்தி வைக்கணும். சரிண்ணே, நான் போறேன்." அழுதேன்தான். அழுதுகொண்டே திருத்தமும் சொன்னேன், பழக்க தோஷம். "எந்த ஊர்லடா கிளம்புறவன் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்புவான்? ஒங்கப்பா ஒரு நாளாவது சொல்லியிருக்காரா? போயிட்டு வர்றேன்னு மாத்து." கல்யாண விஷயம் பேசும்போது அப்படி ஒரு அபசகுன வார்த்தை எதற்கு என்றுதான் எனக்குப் பட்டது. நீ சிரித்துக்கொண்டே மாற்றினாய். மறுபடி போட்டபோது, இன்னும் கொஞ்சம் அவராகவே இருந்தது.

சாயங்காலம் அதைப் பெரியப்பாவிடம் எடுத்துப் போனோம். உனக்கு அவரைத் தெரியும். வாழ்நாள் முழுக்க உப்பின் வெள்ளையைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது, போன மழைக்குப் பிறகு ஞாபகமும் விட்டுவிட்டு வருகிறது. நீ போனை அவர் காதில் வைத்தாய். அவருக்குப் போன் என்றால் பேசுகிற போன்தான், ஆடியோ ஃபைல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கேட்டார். முகம் அப்படியே விரிந்தது. "டேய், எங்கடா இருக்க நீ? ஏண்டா இவ்ளோ நாளு?" என்றார். அதற்குள் ஃபைல் முடிந்துவிட்டது. "ஏம்பா, பேச மாட்றான்?" என்று உன்னைக் கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். "லைன் கட் ஆயிடுச்சு பெரிப்பா" என்றாய். அவர் மனசு நோகக் கூடாதென்றுதான் சொன்னாய். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் பாதிதான் சொன்னேன். மீதியை இப்போது சொல்கிறேன். உன் பெரியம்மா ஒரு நாள் போன் செய்தாள். "ஏம்மா, இவரு காலையிலயே சட்டைய மாட்டிக்கினு ரோட்டுக்குப் போயிடறாரு. கேட்டா தம்பி வர்றான்றாரு. எந்தத் தம்பி, இவருக்கு இருந்தது ஒருத்தன்தானே?" நான் ஆட்டோ பிடித்துப் போனேன். உப்பளத்துப் பாதை ஈ.சி.ஆர். நெடுஞ்சாலையில் வந்து ஏறும் இடத்தில், நிழலே இல்லாத இடத்தில், வேட்டி கட்டித் துண்டு போட்டு நின்றுகொண்டிருந்தார். தம்பிக்கென்று புது வேட்டி ஒன்று வாங்கி பாலித்தீன் கவரில் கையில் வைத்திருந்தார்.

"வெயில்ல ஏன் மாமா நிக்கிறீங்க?"

"அவன் வண்டி வெள்ளை வேன்தானம்மா?"

"வேனை அப்பவே வித்துட்டோம் மாமா."

அவர் கவரை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "வித்துட்டீங்களா? அப்ப எதுல வர்றான்?"

நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பாண்டிச்சேரி பக்கமிருந்து ஒரு வெள்ளை வேன் வந்தது. அவர் கையை நீட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கிவிட்டார். ஈ.சி.ஆர். வண்டிகள் எந்த வேகத்தில் போகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் போட்டு, வண்டி குறுக்கே திரும்பி, மண்ணில் போய் நின்றது. "பெருசு, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று கத்தினான் டிரைவர். பெரியப்பா அவனைத் திட்டவில்லை. குனிந்து வேனுக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு அழைத்து வந்து உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். "மாமா, அவரு செத்துப் போயிட்டாரு. தினா கொள்ளி வச்சப்போ அவன் கையப் புடிச்சிருந்ததே நீங்கதான்." அவருக்கு ஞாபகம் வந்ததா இல்லையா தெரியவில்லை. என்னையே பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார். "அப்படின்னா போன்ல பேசுனது யாரு?" மெஷின் என்று சொன்னால் எந்த மெஷின் என்பார். அவர் மகன் மாதிரி வளர்த்த நீ செய்தது என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? "தெரியல மாமா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "ஒனக்குத் தெரியாதும்மா. அவன் வாயாலயே சொன்னான். போயிட்டு வர்றேன்னான். வர்றேன்னு சொன்னா வந்துருவான், அவன் பேச்சு மாற மாட்டான்." உன் ஃபைலில் நான் போட்ட திருத்தம், தினா. போறேன் என்றே விட்டிருந்தால் அவர் அன்றே அழுது தீர்த்திருப்பார். நல்ல வார்த்தையாக இருக்கட்டும் என்று நானே ஒரு நப்பாசையை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். நான் உன் பக்கத்தில் மணவறையில் உட்கார முடியாது, ஊர் வழக்கம். எனக்கு அதில் உள்ள கோபத்தை வேறொரு நாள் கொட்டுகிறேன். அப்பா ஸ்தானத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும் உட்கார்ந்து பாத பூஜை வாங்கிக்கொள்வது என்று பேசி முடித்தோம். நேற்று பெரியப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். "அவன் வரும்போது அவன் எடத்துல நான் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?" என்கிறார். பெரியம்மா அழுகிறாள். நீ என்னடாவென்றால் மாலை மாற்றி முடிந்ததும் லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு, பத்தடித் திரையில் அப்பாவைப் பேச வைத்து, அதற்கு ஏற்ற மாதிரி புகை விடப் போகிறேன் என்கிறாய். ஊர் ஜனம் அழும், கை தட்டும், போனில் எடுக்கும். பெரியப்பா என்ன செய்வார் என்று யோசித்தாயா? எழுந்து திரைக்குப் பின்னால் போய்த் தேடுவார். அங்கே ஒயரும் ஜெனரேட்டரும்தான் இருக்கும். அப்புறம் மண்டபத்துக்கு வெளியே போவார். மண்டபம் எந்த ரோட்டில் இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

"எல்லாரும் பண்றாங்கம்மா, இதுதான் இப்ப டிரெண்டு" என்று சொல்லாதே. எல்லோரும் செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பயம். அழைப்புக்கு உன் குரலையும் மெஷினில் போட்டு, சொந்தக்காரர்கள் பெயரை மட்டும் மாற்றி மாற்றி எல்லோருக்கும் போன் போக வைத்தாயே. வெற்றிலை பாக்கோடு நேரில் போய் அழைக்க வேண்டியதை இப்படிச் செய்கிறானே என்று எனக்குக் கோபம், ஆனால் வேலைப்பளு என்று விட்டுவிட்டேன். இரும்பை கிராமத்தில் இருக்கிற அத்தை நிஜமாகவே நீ பேசுகிறாய் என்று நினைத்து, முட்டி வலியிலிருந்து மருமகள் புகார் வரை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "புள்ள ஒரு வார்த்த கேக்கலியே, நான் பாட்டுக்குப் பேசுறேன், அவன் பாட்டுக்குத் தேதி சொல்றான்" என்று என்னிடம் குறைப்பட்டாள். சிரித்துவிட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

அப்பா குரலை உன் ஸ்டுடியோவின் இணையப் பக்கத்தில் சாம்பிள் என்று வைத்திருக்கிறாய். அதைக் கேட்டுவிட்டு ஒரு ஆள் இங்கே கடைக்கு வந்தான். நல்ல சட்டை, நல்ல பேச்சு. "அக்கா, சாம்பிள் சூப்பரா இருந்துச்சு. எங்கப்பாவுக்கும் அதே மாதிரி பண்ணணும்" என்றான். எப்போது தவறினார் என்று கேட்டேன். தவறவில்லையாம். பக்கவாதம், பேச்சு வரவில்லை, படுத்த படுக்கையாக இருக்கிறாராம். "ரெண்டே வரிதான்க்கா. மேட்டு நெலம் சின்னவனுக்குன்னு அவரு வாயால சொல்ற மாதிரி. வீட்ல எல்லாருக்கும் ஒரு திருப்தி." அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். நான் எழுந்து நின்று வெளியே போ என்றேன். அவன் கோபப்படக்கூட இல்லை. "நீங்க பண்ணலன்னா இன்னொருத்தர் பண்ணப் போறாங்க" என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் கட்டிலில் படுத்திருக்கிற மனுஷன் கண் எதிரிலேயே அவர் குரல் வேறெதையோ சொல்லும், அவர் இல்லை என்று சொல்ல முடியாமல் படுத்திருப்பார்.

என்னை மட்டும் உத்தமி என்று நினைக்காதே. நீ அந்த ஞாயிற்றுக்கிழமை கடை கம்ப்யூட்டரில் அந்தச் சாஃப்ட்வேரை அப்படியே திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாய். நான் ஒரு மதியம் அதில் டைப் செய்தேன். பெரிய விஷயம் எதுவும் இல்லை. "மாத்திரை போட்டியா?" என்று அடித்தேன். அவர் கேட்டார். கொஞ்சம் அதட்டலாக, பதில் பொய்யாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் மாதிரி. "போட்டேன், போட்டேன்" என்றேன், வாய்விட்டு. போடவில்லை. அப்புறம் இன்னொன்று அடித்தேன், இன்னொன்று. ஷூட்டிங் முடிந்து திரும்பும் வழியில் வேனிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர் என்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று நானே யோசித்து, நானே அடித்து, அவரைச் சொல்ல வைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கவுண்ட்டரில் ஒரு பெண் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள், எனக்குக் கேட்கவே இல்லை. பெரியப்பாவுக்காவது ஞாபக மறதி. எனக்கு என்ன சாக்கு? மறுநாளும் உட்கார்ந்தேன், அதற்கு மறுநாளும். பிறகுதான் ஒன்று உறைத்தது. அவர் உண்மையில் எப்படிப் பேசுவார் என்பது எனக்குக் கலங்க ஆரம்பித்திருந்தது. எது அவர் சொன்னது, எது நான் அடித்தது என்று பிரிக்க முடியவில்லை. நான் வெட்டி வெட்டி எடுத்த குரல், ஒவ்வொரு இழையும் எனக்குத் தெரியும் என்று இருந்தேன்.

தொழிலை விட்டுவிடு என்று சொல்லவில்லை. மைக் வாங்கு, கேமரா வாங்கு, லைட் வாங்கு, எல்லாம் வாங்கு. பாடுகிறவன் பாடியதைச் சுத்தமாகப் பதிவு செய்து கொடு. அழுத பெண்ணின் கண் மையைச் சரி செய், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை அழித்துவிட்டு வானம் வை, நானும் இவ்வளவு வருஷம் அதைத்தான் செய்தேன். ஆனால் ஒருவர் சொல்லாததை அவர் குரலில் சொல்ல வைக்காதே. நித்யாவோடு குடும்பம் நடத்தப் போகிறாய். நாளைக்கு ஒரு சண்டை வரும், நீ ஸ்டுடியோவில் இருப்பாய், மன்னிப்புக் கேட்கக் கூச்சமாக இருக்கும். மெஷின் உன் குரலில் உன்னைவிட அழகாக மன்னிப்புக் கேட்கும். அன்றைக்கு நீ திக்கித் திணறி நீயாகவே கேள். அவள் பொறுத்துக்கொள்வாள்.

பெரியப்பா கேட்ட கேள்விக்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவர் நம்பவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் வேலையைப் போட்டுவிட்டு வா. அவர் எதிரில் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து உன் முகத்தில் வைத்து, "போன்ல பேசுனது நான்தான் பெரிப்பா, அப்பா இல்ல" என்று சொல். திட்டுவார், ஒருவேளை அடிப்பார். அப்புறம் தம்பிக்காக அழுவார். அதற்கு நீ பக்கத்தில் இருக்க வேண்டும். திரையில் என்ன போடுவது என்று யோசிக்காதே, அப்பா எடுத்த படங்களைப் போடு, சத்தமில்லாமல். சாம்பிளையும் எடுத்துவிடு. எடுத்தாலும் எங்கெங்கோ போயிருக்கும் என்று நீ சொல்வாய். தெரியும். நம் கையில் இருக்கிறதையாவது எடு.

நேரில் வா என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. முந்தாநாள் நீ போன் செய்தாய். "அம்மா, சாப்ட்டியா?" என்றாய். நான் பேசவில்லை. "ஹலோ, அம்மா, கேக்குதா? ஹலோ?" என்று கேட்டுவிட்டு, சிக்னல் இல்லை போல என்று நீயே வைத்துவிட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, தினா. போனைக் காதில் வைத்துக்கொண்டு, பேசுவது நீதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.